நடுங்கும் கரங்களும் ஆண்டவரின் பந்தியும்



1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதத்தைக் குறித்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறு பேர் மட்டுமே. அவர்களிலும் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. ஆயினும் குனிந்த உடலையும், ஓய்ந்திருக்கையில் நடுங்கும் கையையும், விரைந்து தடுமாறும் நடையையும் அத்தனை கவனமாய் எழுதினார். பின்னாளில் அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. பொறுமையோடு ஒருவரை உற்றுநோக்குவதும் ஓர் ஊழியமே.

அந்த ஊழியம் நம்மிடையே குறைந்திருக்கிறது. வீட்டுச் சந்திப்புகளில், பல மாதங்களாய் ஆராதனைக்கு வராத முதியவர்களைக் காண்கிறேன். அவர்களில் ஒருவர், திருவிருந்துப் பாத்திரம் தம் கையில் தளும்பிவிடுமோ என்ற வெட்கத்தால் வீட்டிலேயே தங்கிவிட்டார். "முகங்கொடுத்துப் பேசமாட்டார், பெருமைக்காரர்" என்று சிலர் சொன்னதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. நாற்காலியை அருகே இழுத்தால்தான் அவர் குரல் கேட்டது. "உள்ளே சிரிக்கத்தான் செய்கிறேன் ஐயா, முகத்துக்கு வரமாட்டேன் என்கிறது" என்றார்.

அவர் சொன்னது மருத்துவ உண்மை. மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் சுரக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருளே நம் அசைவுகளைத் தடையின்றி நடத்துகிறது. அவ்வணுக்களில் பெரும்பகுதி அழிந்த பின்னரே நோய் வெளிப்படுகிறது. அப்போது முகத்தசைகள் இறுகுகின்றன, புன்னகை மறைகிறது, குரல் தணிகிறது. அன்பு தணிந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எல்லா நடுக்கமும் இந்நோயுமல்ல. ஒரு பொருளை எடுக்கும்போது மட்டும் நடுங்கும் கைக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நரம்பியல் மருத்துவரே அதைப் பிரித்தறிய வேண்டும்.

இந்நோய்க்குரிய முதன்மை மருந்து லெவோடோபா. தொட்டால் அரிக்கும் பூனைக்காலியை நம் மலையோரத்தார் அறிவார்கள். அதன் விதையிலிருந்து இப்பொருளை 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தனர். அது நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்யும் என்பதை 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் நிலைநாட்டினார். கேள்வி எழும் முன்னரே விடையைப் படைப்பில் வைத்தவரைத் துதிக்கிறேன். ஆனால் அதை நம்பி விதைப்பொடியை யாரும் தாமாக உட்கொள்ள வேண்டாம். அளவு தவறினால் தீங்கு நேரும்.

இம்மருந்தைப் பல ஆண்டுகள் உட்கொண்டவர்களில் பலருக்கு உடல் தன்னிச்சையாக நெளிந்தாடும். நம் மாவட்டத்தார் பலர் சிகிச்சைக்குச் செல்லும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பணியாற்றி, அதன் இயக்குநராகவும் இருந்த நரம்பியல் மருத்துவர் ஆஷா கிஷோர், பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த அசைவுகளை ஆராய்ந்தார். அவற்றில் சிறுமூளைக்கும் பங்குண்டு என்பதை அவ்வாய்வுகள் காட்டின. ஆகவே ஆராதனையில் ஒருவர் நெளிவதைக் கண்டால், பேய் பிடித்தது என்றோ குடித்திருக்கிறார் என்றோ முணுமுணுக்கலாகாது. பிறவிக்குருடனைக் கண்ட சீடர்களும் யார் செய்த பாவம் என்றே முதலில் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே விலக்கிவிட்டார்.

குடும்பத்தார் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். உபவாச நாளிலும் மருந்தை நிறுத்தாதிருங்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மீன், முட்டை போன்ற புரத உணவோடு சேர்ந்தால் மருந்து உடலில் சேர்வது தடைப்படும். எனவே சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னரே கொடுக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஆராதனை நீண்டாலும் மருந்துவேளை வந்தால் அமைதியாய் எழுந்து தண்ணீர் கொடுங்கள். வாசற்படியில் கால் உறைந்து நின்றால் பிடித்து இழுக்க வேண்டாம். தரையிலுள்ள ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள். அல்லது ஒரு கீர்த்தனையை மெல்லப் பாடுங்கள். தாளம் கேட்டதும் பலருக்குக் கால் பெயரும். பேசும்போது எழும்பாத குரலும் சிலருக்குப் பாடும்போது எழும்பும்.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு கடினமானதல்ல. பாத்திரத்தைப் பாதியளவு நிரப்பலாம். அப்பத்தைத் தோய்த்து இருக்கைக்கே கொண்டுசெல்லலாம். பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். உங்கள் தெருவில் கோவிலுக்கு வராதிருக்கும் ஒரு பெரியவரை இவ்வாரம் சந்தியுங்கள். அவர் முகம் சிரிக்காவிட்டாலும் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.

இறுகிய முகத்துக்குப் பின்னுள்ள இருதயத்தை அறிகிற ஆண்டவர், நமக்கும் காணும் கண்களைத் தருவாராக. ஆமென்.