மாமா கேட்கும் வானிலை

காலை ஆறு மணிச் செய்தி முடிந்ததும் வானிலை வாசிப்பேன். "பிற்பகலில் ஆங்காங்கே இடியுடன் கூடிய மழை பெய்யலாம்." பிறகு நானாக ஒரு வரி சேர்ப்பேன்: "குடையை மறந்துடாதீங்க, சூடா ஒரு தே தாரிக் குடிச்சுக்கிட்டே மழையை ரசிங்க!"

கடந்த டிசம்பரில் ஒருநாள், நிகழ்ச்சி முடிந்த கையோடு ரவூப்பிலிருந்து மாமா அழைத்தார்.

"ஏம்மா, மழையை ரசிக்கச் சொல்றியே, இங்க வந்து என் மரத்தைப் பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். தாத்தா பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் நிலம், எழுபது டுரியான் மரங்கள். மாமா என்னைக் காலை ஏழு மணிக்கே இழுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறினால் காய்ந்துவிடும், தெரியாது என்றார். ஒரு மரத்தின் அடித்தண்டில், துருப்பிடித்த குழாயிலிருந்து ஒழுகியதுபோல ஈரத் திட்டு. பாராங்கத்தியால் பட்டையை லேசாகச் சுரண்டினார். வெளுப்பாக இருக்கவேண்டிய உள்பட்டை செம்பழுப்பாக இருந்தது.

பைட்டோப்தோரா. தோட்டக்காரர்கள் பூஞ்சை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அறிவியலாளர்கள் இப்போது அதைப் பூஞ்சைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதைப் படித்த பிறகுதான் மாமாவின் மழைப் பயம் எனக்கு விளங்கியது. இதன் வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. மண்ணில் தண்ணீர் நின்றால் நீந்தியே வேரைத் தேடிப் போகும். கனமழை தரையில் அடித்துத் தெறிக்கும்போது சேற்றோடு தண்டில் ஏறிக்கொள்ளும். தாழ்ந்த கிளைகளில் தொங்கும் காய்களும் அப்படித்தான் அழுகுகின்றன. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதன் பங்காளிதான்.

டுரியானுக்கு மழை வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் பூப்பதற்குச் சில வாரங்கள் வறட்சியும் வேண்டும். மாமாவுக்குப் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழையைப் பற்றிக் கவலையில்லை. ராத்திரி முழுக்கத் தூறி, விடிந்தும் மூடுபனி விலகாமல், காற்றும் அசையாமல், பட்டை நாள்கணக்கில் காயாமல் இருந்தால்தான் தூக்கம் போய்விடும். "உன் ரேடியோவுல மழை வரும்னு சொல்றாங்க. எப்ப விடும்னு யாரு சொல்றா?" என்றார். பத்து வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி.

அதுவரை பதினொரு மரங்கள் போயிருந்தன. மீதியைக் காப்பாற்ற வாய்க்கால் வெட்டியிருந்தார். காற்று நுழையக் கீழ்க்கிளைகளைக் கழித்திருந்தார். அழுகி விழுந்த காய்களை உடனுக்குடன் அப்புறப்படுத்தினார். நோயுற்ற பட்டையைச் செதுக்கி மருந்து பூசுவது, தண்டில் துளைபோட்டுப் பாஸ்போனிக் அமிலம் ஏற்றுவது என்று செலவும் ஏறிக்கொண்டே போனது. ஒரு மரத்தை வெட்டிய கத்தியை மருந்தில் கழுவாமல் அடுத்த மரத்தைத் தொடமாட்டார். நான் சும்மா ஒரு மரத்தில் கை வைத்ததற்கே முறைத்தார்.

அன்று அவர் சுரண்டிக் காட்டியது கொட்டகைக்குப் பக்கத்து மரம். நான் பிறந்த வருடம் தாத்தா நட்டது. உச்சிக் கிளைகளில் இலை பாதிக்குமேல் கொட்டியிருந்தது. வெட்டிவிடலாம் என்று அத்தை சொல்ல, மாமா பதிலே பேசவில்லை. ஊசி மட்டும் போட்டார்.

இப்போதெல்லாம் மழைச் செய்திக்குப் பிறகு தே தாரிக் வரியை நான் சேர்ப்பதில்லை. நிலையத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆறரைக்கு மாமா அழைப்பார்: "ராத்திரி மழையா, பகல் மழையா?" ரேடார் படத்தைப் பார்த்துச் சொல்வேன்.

மார்ச்சில் ஒருநாள் அவர் கேள்வி கேட்கவில்லை. மூன்று வாரமாக அங்கே மழையில்லை.

"மொட்டு விட்டிருக்கும்மா. தாத்தா மரத்துலயும்."

"அப்ப பொழைச்சிடுச்சா மாமா?"

"சாகப்போற மரமும் பூக்கும்மா. அடுத்த மழை முடியட்டும், பட்டையைச் சுரண்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."