கொழுந்தை உலர்த்தும் கூரை

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் மலை ரயில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்களைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறத் தொடங்கும். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரை நெருங்கும்போது காற்றில் குளிர் ஏறும். பாக்கு மரங்கள் பின்தங்கி, சரிவெங்கும் தேயிலை விரியும். பச்சைக்கு நடுவே அங்கங்கே நீளமான தகரக் கூரைக் கட்டடங்களும் புகைபோக்கிகளும் தெரியும். அவைதான் தேயிலைத் தொழிற்சாலைகள்.

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் சூடாக ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இன்னொரு காட்சி உண்டு. அங்கே மலைபோல் விறகு அடுக்கியிருக்கும்.

டீத்தூளுக்கு எதற்கு இவ்வளவு விறகு?

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். முதலில் அதை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று வீசி மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். பிறகு இயந்திரத்தில் நொறுக்கி, காற்றுப் படும்படி விட்டால் பச்சை நிறம் செம்புப் பழுப்பாக மாறி மணம் பிறக்கும். சரியான பதத்தில் அந்த மாற்றத்தை நிறுத்த வேண்டும். அதற்காகச் சுமார் 100 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். முடிவில் தூளில் மிஞ்சும் ஈரம் 3 சதவீதம் அளவுதான். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ வரை கொழுந்து வேண்டும். மற்றதெல்லாம் ஆவியாகப் போன தண்ணீர்.

அந்த ஆவிக்குக் கொடுக்கும் விலைதான் விறகு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு எரிகிறது. நாளுக்கு ஆயிரம் கிலோ தூள் எடுக்கும் தொழிற்சாலை என்றால் தினமும் ஒரு டன் மரம் அடுப்புக்குள் போகிறது.

நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும், தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் இப்படி விறகாகின்றன. விறகு விலை ஏறினால் தொழிற்சாலையின் செலவு ஏறும். கடைசியில் அது பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையைக் கடிக்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நிறைந்த மாவட்டம் இது. இன்ட்கோசர்வின் கீழ் இயங்கும் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் அவர்களுடைய கொழுந்தை நம்பித்தான் ஓடுகின்றன.

இந்த விறகுக் கணக்கில் ஒரு பங்கைக் கூரை ஏற்றுக்கொள்ள முடியும் என்று குன்னூரில் 1990களிலேயே செய்து காட்டினார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலைக் கூரையில் 212 சதுர மீட்டருக்குச் சூரிய வெப்பக் காற்றுச் சூடாக்கி அமைத்தார்கள். இது வீட்டு மாடியில் மின்சாரம் எடுக்கும் சோலார் பலகை அல்ல. மேலே கண்ணாடி, அதற்குக் கீழே கறுப்புப் பூசிய உலோகத் தகடு, நடுவே காற்று ஓட வழி, அடியில் சூடு கசியாமல் ஒரு மெத்தை. அவ்வளவுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு சேருமே, அதே விஷயம்தான். அப்படிச் சூடேறிய காற்றை விசிறி இழுத்துக் கீழே அனுப்புகிறது.

கூரையால் மட்டும் 100 டிகிரியை எட்ட முடியாது. எட்ட வேண்டியதும் இல்லை. வெளியே 20 டிகிரியில் இருக்கும் காற்றை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 80 படி ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் 30 படியை வெயில் ஏற்றிக் கொடுத்துவிட்டால், அடுப்புக்கு மிச்சம் 50 படிதான். காற்று வெதுவெதுப்பாக வந்தால் விறகைக் குறைத்துப் போடலாம். மேகம் மூடினால் விறகைக் கூட்டிப் போடலாம். தேயிலையின் பதம் கெடாது, வேலையும் நிற்காது.

சில ஆண்டுகள் கணக்குப் பார்த்ததில் சராசரியாக 25 சதவீத எரிபொருள் மிச்சமானது என்று 1998இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாளுக்கு ஒரு டன் எரிக்கும் இடத்தில் அது 250 கிலோ.

அப்படியானால் எல்லாக் கூரையிலும் ஏன் இல்லை? நீலகிரிக்கு வந்து போனவர்களுக்கே பாதிப் பதில் தெரியும். இங்கே மழை பெய்தால்தான் கொழுந்து துளிர்க்கும். மழை பெய்தால் வெயில் இருக்காது. டிசம்பர், ஜனவரியில் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் உறைபனியில் செடி கருகி இலை வரத்து குறையும். பகலில் பறித்த கொழுந்தை வாட்டி முடிக்க இரவாகிவிடுவதால், இராத்திரி முழுக்க ஓடும் தொழிற்சாலைகளும் உண்டு. அப்போது சூரியன் உதவாது. கண்ணாடியைத் துடைக்க வேண்டும், காற்றுக் குழாயில் ஓட்டை விழாமல் பார்க்க வேண்டும், முதலில் போடும் பணமும் வேண்டும். கையில் காசு இறுகிய தொழிற்சாலைக்கு நாளைய மிச்சத்தைவிட இன்றைய விறகு லோடுதான் முக்கியமாகப் படும்.

இத்தனையையும் கழித்துவிட்டுத்தான் அந்த 25 சதவீதம் கிடைத்திருக்கிறது. பனி, மழை, இரவு எல்லாம் போக மிஞ்சிய வெயிலே நாலில் ஒரு பங்கு விறகை மிச்சப்படுத்தியது. மேகம் குறைந்த சமவெளியில், இதைவிடக் குறைந்த சூடு போதும் என்கிற வேலைகளுக்கு நிலைமை இன்னும் சாதகம். பால் பண்ணையின் வெந்நீர், சாயப்பட்டறையின் கொதிகலனுக்குப் போகும் தண்ணீர், மசாலாவும் பழமும் உலர்த்தும் கூடம் ஆகியவற்றில் முதல் சில படிகளையாவது கூரை ஏற்றிக் கொடுக்கும்.

அடுத்த முறை குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போனால், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். முகத்தில் அடிக்கும் அந்த அனல் எதிலிருந்து வருகிறது என்று வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். விறகு என்றால், ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். அவர் சரியாகச் சொல்வார். அந்தக் கணக்கு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.