திங்கள், வெள்ளி

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. காலை ஏழு மணி. தேங்காய்க் கடைகளைத் தாண்டி, மண்தரையில் நீலத் தார்ப்பாய். பாசிமணி, ஸ்படிக மாலை, கறுப்புக் கயிறு, குழந்தைக்கான வளையல். தாய் மணி கோக்கிறாள். ஒன்பது வயது மகள் ஊசியில் நூல் மாட்டித் தருகிறாள். கீழே பள்ளிச் சீருடைப் பாவாடை, மேலே அண்ணனின் சட்டை.

"வாங்கிக்கோ சாமி." தாய்க்கு எல்லோரும் சாமி.

"ஏய், இது எவ்வளவு?" வருகிறவர்களுக்கு அவள் ஏய். மகள் நூல் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்குகிறாள். நிமிரவில்லை.

காக்கிச் சட்டை ஒன்று நெருங்குகிறது. தார்ப்பாயின் நான்கு முனைகளும் தாயின் கைக்குள் சேர்ந்துவிடுகின்றன. வந்தவர் பஸ் டிரைவர். டீக்கடைக்குப் போகிறார். தார்ப்பாய் மறுபடி விரிகிறது. நாடோடி இனங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக எழுதிவைத்த சட்டம் 1871இல் வந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது.

வேப்பந்தட்டை வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. மேசைமேல் வருகைப் பதிவேடு. நரிக்குறவர் குடியிருப்புப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே திங்கள் சிவப்பு, வெள்ளி சிவப்பு. சித்திரையில் வரிசையாகச் சிவப்பு. அது சமயபுரம் தேர். டீச்சர் யார் பெயரையும் அடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் திருவிழாத் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார்.

செவ்வாய். காலை உணவு கிச்சடி. கோயிலில் நூல் மாட்டித் தந்த சிறுமி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறாள். சுவரில் பெரிய தாள். நடுவில் கோடு. இடப்பக்கம் தமிழ்ச் சொற்கள். வலப்பக்கம் வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி. தனக்கென்று எழுத்து இல்லாதது. பிள்ளைகள் சொல்லச் சொல்ல டீச்சர் தமிழ் எழுத்தில் எழுதுகிறார். ஒரு சொல்லில் தடுமாறுகிறார். கடைசி வரிசைப் பையன் எழுந்து வந்து மார்க்கரை வாங்கித் திருத்துகிறான். இந்த வருடம் அவன் தானாக எழுந்தது இதுதான் முதல்.

வாசலில் ஒரு தாத்தா நிற்கிறார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்கய்யா. உங்களைத்தான் வரச் சொன்னேன்."

பாடம் பறவைகள். புத்தகத்தில் மயில், கிளி, புறா. தாத்தா படங்களைப் பார்க்கிறார். உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைக்கிறார். கவுதாரி கூப்பிடுகிறது. சிரிப்பு அடங்குமுன் இன்னொரு குரல்: காடை. எந்த வேளையில் எது கூப்பிடும், எந்தப் புதரில் முட்டை இருக்கும், மழைக்கு முன் எங்கே ஒதுங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சோளக்கொல்லை, பருத்திக்காடு, ஓடைக்கரை எல்லாம் கரும்பலகைக்கு வருகின்றன. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் கண்ணி வைப்பது குற்றம். கண்ணி எப்படி முடிவது என்று ஒரு பையன் கேட்கிறான். தாத்தா டீச்சரைப் பார்க்கிறார். டீச்சர் சணல் கயிறு எடுத்துத் தருகிறார். அவர் விரல்கள் நிற்காமல் முடிகின்றன. சிறுமி தன் ஊசிநூலில் அதே முடிச்சைப் போட்டுப் பார்க்கிறாள்.

பெரம்பலூர், கோட்டாட்சியர் அலுவலக வராந்தா. சிறுமியின் தகப்பன் சுவரோரம் குந்தியிருக்கிறார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி விற்கிறவர். பிளாஸ்டிக் உறைக்குள் குடும்ப அட்டை, ஆதார், போட்டோ. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965இல். நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். பெயர் கூப்பிடுகிறார்கள். சான்றிதழை வாங்கியவர் மடிக்கவில்லை. இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்து, பாசிநூலால் கட்டுகிறார்.

வெள்ளி மாலை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கோயிலிலிருந்து இரண்டு பஸ் மாறித் தாய் வந்திருக்கிறாள். தரையில் உட்காரப் போகிறாள். தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். நுனியில் உட்காருகிறாள்.

குடிநீர்த் தொட்டி, கழிவறைக் கதவு, சுற்றுச்சுவர். அதுவரை தாய் பேசவில்லை.

"சார், திங்களும் வெள்ளியும் புள்ளைங்க எங்களோட கோயிலுக்கு வந்துடுதுங்க. வீட்ல விட்டா பாத்துக்க ஆளில்ல. அந்த ரெண்டு நாள் பாடத்த சாயந்திரம் சொல்லிக் குடுத்தா என்ன?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குடியிருப்பிலேயே பிளஸ் டூ முடித்த பெண் இருக்கிறாள், அவளைக் கேட்கலாம் என்கிறார் டீச்சர். தீர்மானப் புத்தகம் திறக்கிறது. "எத்தனை மணிக்கும்மா?"

"பஸ் வர ஆறு ஆயிடும் சார். ஆறரைக்கு வைங்க."

தலைமையாசிரியர் 6.30 என்று எழுதிவிட்டு, விளக்கு வசதிக்கு யாரிடம் கேட்பது என்று வார்டு உறுப்பினர் பக்கம் திரும்புகிறார்.