கோணி ஊசியும் சணல் கயிறும்

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் என்றால் என்னவென்று சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். அப்பா உதவி ஸ்டேஷன் மாஸ்டர். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறும். எல்லா மாற்றங்களும் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 1985இல் மானாமதுரையிலிருந்து விழுப்புரம் போனது மட்டும் சாக்கு வாசனையோடு அப்படியே நிற்கிறது. அந்த முறைதான் அம்மா என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

ஆனி மாதம் பாதி போன பிறகு ஆர்டர் வந்தது. அம்மாவுக்கு அதுதான் கவலை. ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். "ஆடி பொறக்குறதுக்குள்ள அடுப்பு பத்த வச்சிரணும்" என்றாள். அப்பாவுக்கோ, பதில் ஆள் வந்து சேர்ந்தால்தான் ரிலீவ் ஆக முடியும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நாட்களில் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்ட வேண்டும்.

ரயில்வேக்காரர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு. மாற்றலாகிப் போகிறவரின் வீட்டுச் சாமான்களைக் கட்டணமில்லாமல் ஏற்றிப்போக இலாகா கொடுக்கும் அனுமதிக்கு கிட் பாஸ் என்று பெயர். அதில்தான் எங்களுக்கு ஒரு நாலு சக்கர வேகன் கிடைத்தது. அப்போது மானாமதுரையிலிருந்து விழுப்புரம் வரை முழுக்க மீட்டர் கேஜ். அதனால் இங்கே ஏற்றிய சாமானை அங்கே போய் இறக்கினால் போதும். பிராட் கேஜ் ஊருக்கு மாற்றலானவர்களுக்கு அந்த நிம்மதி இருக்காது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளமும் 1676 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளமும் சந்திக்கும் ஜங்ஷனில் எல்லாவற்றையும் இறக்கி வேறு வேகனில் ஏற்றியாக வேண்டும். அப்பா இதைச் சொன்னபோது, "நல்லவேளை, ஊறுகாய் ஜாடி தப்பிச்சுது" என்றாள் அம்மா.

முதலில் சாக்குகள் வந்தன. கூடவே கோணி ஊசி, சணல் கயிறு, ஒரு கட்டு வைக்கோல், டீக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய தேயிலைப் பெட்டிகள். ஓரங்களில் தகரம் அடித்த அந்தப் பலகைப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். தலையை உள்ளே விட்டால் தேயிலைத் தூள் மூக்கில் ஏறும். எனக்கும் தங்கைக்கும் அது பெரிய சந்தோஷம்.

அம்மா பரணிலிருந்து தொடங்கினாள். தினம் கை படாத சாமான் முதலில் கட்டுக்குள் போக வேண்டும். தினம் புழங்குவது கடைசியில். பித்தளை அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு. இடைவெளியில் பழைய வேட்டித் துணி. எவர்சில்வர் பாத்திரங்களில் வெட்டியிருந்த பேர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் உள்ளே வைத்தாள். ஒன்று பாட்டி கொடுத்த சீர், ஒன்று என் காதுகுத்துக்கு வந்தது, ஒன்று முந்தின ஊரில் பக்கத்து வீட்டார் பிரியும்போது கொடுத்தது. அம்மாவின் கல்யாணத்தையும் எங்கள் பிறப்பையும் அந்தப் பாத்திரங்களைப் பார்த்தே நான் வரிசையாகத் தெரிந்துகொண்டேன்.

ஊறுகாய் ஜாடிக்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, இன்னொரு துணியால் சுற்றி, வைக்கோலுக்கு நடுவில் நிற்க வைத்தாள். உப்புப் போட்டு அடைத்த வருஷப் புளி, வடகம், மிளகாய் எல்லாம் தனித்தனித் தகர டின்களில். ரேடியோ மெத்தைச் சுருளுக்குள் போனது. மரக்கட்டிலை அப்பா கழற்றி, எந்தக் கால் எந்த மூலைக்கு என்று சாக்பீஸால் எழுதினார். ஆட்டுக்கல்லையும் அம்மியையும் சுவரோரமாக உருட்டி வைத்தோம். கல் சாமான் வேகனின் தரையில் போக வேண்டும் என்பது ரயில்வே கலாசிகள் சொன்ன பாடம்.

என் வேலை கணக்கு. கோடு போட்ட நோட்டு ஒன்றை அம்மா என் கையில் கொடுத்து, "ஒவ்வொரு மூட்டைக்கும் நம்பர் போடு. உள்ள என்ன இருக்குன்னு எழுது. அங்க போயி உன்னயத்தான் கேப்பேன்" என்றாள். நீல மையில் எழுதினேன். சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்து முடித்ததும், அதில் தைத்த அட்டையில் அதே நம்பர். பெரியவர்கள் "அரிவாள்மணை எதுலடா?" என்று என்னைக் கேட்டு, நான் நோட்டைப் புரட்டிப் பதில் சொன்னபோது வந்த பெருமிதம் எந்தப் பரிசளிப்பு மேடையிலும் பிறகு வரவில்லை.

மூட்டை கட்டுவதோடு காகித வேலையும் நடந்தது. பள்ளியில் டி.சி. வாங்க வேண்டும். ரேஷன் கார்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் புது ஊரில் மண்ணெண்ணெயும் சர்க்கரையும் கிடைக்காது. அந்த வருஷம்தான் ராமநாதபுரத்தைப் பிரித்துப் புது மாவட்டங்கள் பிறந்திருந்தன. நாங்களோ எங்கள் புது மாவட்டத்திலிருந்தும் கிளம்பி தென்னாற்காடு மாவட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். இந்தத் தாள்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். அந்தப் பை அம்மாவின் தோளை விட்டு இறங்கவில்லை.

கொண்டுபோக முடியாதவற்றை அம்மா பங்கிட்டாள். துளசி மாடச் செடி எதிர் வீட்டுக்கு, கோழிகள் கேட்மேன் வீட்டுக்கு, விறகு பக்கத்து வீட்டு மதினிக்கு. "மதினி, முருங்கையில காய் புடிச்சிருக்கு. புதுசா வர்றவங்களுக்கும் ரெண்டு குடுங்க" என்று சொல்லிவைத்தாள். சமையல் பாத்திரங்கள் கட்டப்பட்ட பிறகு எங்களுக்கு மூன்று வேளையும் குவார்ட்டர்ஸ் லைனில் இருந்த வீடுகளிலிருந்தே சோறு வந்தது. ஒரு வீட்டில் புளிக்குழம்பு, ஒரு வீட்டில் கருவாடு. வந்த பாத்திரத்தை அம்மா வெறுமையாகத் திருப்பவே இல்லை. ஒரு பிடி வடகமாவது போட்டு அனுப்பினாள்.

வேகன் கூட்ஸ் ஷெட்டில் வந்து நின்ற அன்று கலாசிகளும் லைன் ஆட்களும் சேர்ந்து ஏற்றினார்கள். கல் சாமான், கட்டில், தேயிலைப் பெட்டிகள், மேலே மெத்தை. நான் கதவோரம் நின்று நம்பர்களை அடித்துக்கொண்டே வந்தேன். கதவைச் சாத்தி, சீல் வைத்து, விழுப்புரம் என்று லேபிள் செருகினார்கள். ரசீதை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சாமானை அம்மா வேகனில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. அது மானாமதுரைப் பானை. ஊரின் களிமண்ணும் குயவர்களின் கையும் பேர்பெற்றவை. கச்சேரிகளில் வாசிக்கும் கடமும் அங்கிருந்து போகிறது. 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அம்மாவின் மடிதான் ஞாபகம் வந்தது. காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி, அரியலூர், விருத்தாசலம் என்று ராத்திரி முழுக்க ரயில் போக, குழந்தையை வைத்திருப்பதுபோல அந்தப் பானையை மடியில் வைத்திருந்தாள்.

கிளம்பும் முன் அம்மா செய்த ஒரு காரியம் எனக்கு அப்போது புரியவில்லை. காலி வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அடுப்படியில் சாணம் மெழுகிக் கோலம் போட்டாள். மாடத்தில் ஒரு தீப்பெட்டியும், கிண்ணத்தில் கல் உப்பும், ஒரு துண்டு மஞ்சளும் வைத்தாள். "யாருக்கும்மா?" என்றேன். "வர்றவளுக்கு. மொத நாள் எல்லாம் மூட்டைக்குள்ள கெடக்கும்ல" என்றாள். அந்தப் பெண்ணை அவள் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே விழுப்புரத்தில் பால் பொங்கியது. வேகன் வந்து சேரும்வரை எங்களிடம் இருந்தவை மஞ்சள் பை, சாமி படம், ஒரு திரி ஸ்டவ், ஒரு பால் பாத்திரம், அந்தப் பானை ஆகியவைதான். அவற்றை வைத்தே அம்மா குடித்தனத்தைத் தொடங்கிவிட்டாள்.

இன்று பாக்கர்ஸ் ஆட்கள் அட்டைப்பெட்டியும் டேப்புமாக வந்து ஒரே பகலில் வீட்டைத் தூக்கிவிடுகிறார்கள். உடம்புக்கு அது எவ்வளவோ நல்லது. அம்மா பட்ட இடுப்பு வலி யாருக்கும் வேண்டாம். ஆனால் "நடுவுல நிக்காத" என்று பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஊரை இழக்கிற பிள்ளைக்கு அந்த இழப்பில் ஒரு வேலை இருந்தால் தாங்கிக்கொள்ளும். என்னை மானாமதுரையிலிருந்து அழாமல் கிளப்பியது அந்தக் கோடு போட்ட நோட்டு. வீடு மாறப்போகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்லுகிறேன்: பிள்ளை கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள், நம்பர் போடச் சொல்லுங்கள். விட்டுப்போகிற வீட்டின் மாடத்தில் உப்பு வைக்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுங்கள்.