இரண்டு ஊர்களில் பெய்த ஒரே மழை



எருசலேமுக்கும் கலிலேயாவுக்கும் சென்று வந்தவர்களின் பயணக் கட்டுரைகளை ஆவலோடு வாசிக்கிற உங்களை, இந்த மாதம் அவ்வளவு தூரம் அழைத்துச் செல்லப் போவதில்லை. மும்பை சயான் ரயில் நிலையத்தின் மேற்குப் புறத்தில் இறங்கி, தாராவியின் வழியாக மித்தி ஆற்றங்கரை வரைக்கும் என்னோடு நடந்து வந்தால் போதும். அரை மணி நேர நடைதான். உங்களில் அநேகர் நாள்தோறும் கடந்து போகிற வழி. ஆனாலும் அதை ஒருமுறையாவது நின்று பார்த்திருக்கிறோமா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வது நல்லது. நானும் வெகு காலம் பார்த்ததில்லை.

90 அடி சாலையில் கால் வைத்தவுடன் திருநெல்வேலியின் வாசனை வந்துவிடும். வாழை இலை, மல்லிகைச் சரம், கருப்பட்டி, ஊருக்குப் போகும் பேருந்துகளின் விளம்பரத் தட்டி எல்லாம் அங்கே உண்டு. நம்முடைய பாட்டன்மார் தோல் பதனிடும் தொழிலுக்கும், ஆலை வேலைக்கும், சிறு வியாபாரத்துக்கும் வந்து இறங்கிய இடம் இது. அவர்கள் வருமுன்னே இங்கே கோலி மீனவர்கள் குடியிருந்தார்கள். கோலிவாடா என்னும் அவர்களுடைய குடியிருப்பு இன்றும் இருக்கிறது. அவர்கள் மீன் பிடித்த நீர்தான் கைக்கெட்டாத தூரத்திற்குப் போய்விட்டது.

அதற்குச் சாட்சியாக பஸ் டிப்போவுக்கு அருகே ஒரு சிறு கோட்டை நிற்கிறது. காலா கில்லா, அதாவது கறுப்புக் கோட்டை என்பது அதன் பெயர். ஆங்கிலேயர் 1737-ஆம் ஆண்டில் அதைக் கட்டியதாகக் கல்வெட்டு கூறுகிறது. படகுகளைக் கண்காணிப்பதற்காகக் கழியின் ஓரத்திலே கட்டப்பட்ட கோட்டை, இன்று வீடுகளின் நடுவே கிடக்கிறது. கோட்டை இடம் பெயரவில்லை. தண்ணீர் இருந்த இடத்தில் மண்ணையும் குப்பையையும் கொட்டி மனிதர்தான் அதைத் தள்ளி வைத்தார்கள்.

சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையைக் கடந்தால் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. சுமார் 37 ஏக்கர். ஒரு காலத்தில் இந்நகரத்தின் குப்பைமேடாக இருந்த இடத்தில் மரங்களை நட்டு, 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அதன் பின்புறமாகச் சென்றால் அலையாத்தி மரங்களும், அவற்றிற்கு அப்பால் மித்தி ஆறும் தெரியும். மித்தி என்றால் இனிப்பு என்று பொருள். நிறத்தையும் நாற்றத்தையும் பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். மராட்டியர் ‘பர்த்தி’ என்று சொல்லுகிற கடல் ஏற்றத்தின் வேளையில் அங்கே நின்றால் ஒரு காரியம் விளங்கும். ஆறு கடலுக்குப் போகாது. கடல் ஆற்றுக்குள் ஏறி வரும்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி நடந்தது அதுவே. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94.4 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில் கொலாபாவில் பெய்ததோ 7 சென்டிமீட்டர்தான். மேலிருந்து வெள்ளம் வர, கீழிருந்து கடல் ஏற, மித்தி கரை புரண்டது. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குவதற்காகவே அமைக்கப்பட்டவை. விமான நிலையத்துக்காக ஆற்றின் போக்கை வளைத்திருந்தார்கள். பாந்த்ரா-குர்லா வளாகத்துக்காகச் சதுப்பு நிலத்தை மூடியிருந்தார்கள். அந்த நாட்களில் பெய்த மழையினால் மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மரித்தனர்.

அப்போது வேதாகமக் கல்லூரியை முடித்து இங்கே ஊழியத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளைஞன் நான். அந்த வெள்ளத்திற்குப் பின் வந்த ஞாயிறு ஆராதனையில் நோவாவின் காலத்தையும் கடைசி கால அடையாளங்களையும் குறித்து உரத்த சத்தமாய்ப் பிரசங்கித்தேன். சபையார் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். ஆனால் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு ஒருவராகிலும் தம்முடைய கோலியின் வாசற்படியை ஒரு செங்கல் அளவு உயர்த்தியதாக நான் அறியேன். நோவா பேழையைச் செய்தான் என்கிற பகுதியை நானே விரைவாகக் கடந்து போயிருந்தேன்.

பிற்பாடு ஒரு தொண்டு நிறுவனத்தார் நம்முடைய சபை மண்டபத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் படக்காட்சி நடத்தினார்கள். நல்ல பிள்ளைகள், கருத்தாகவே பேசினார்கள். உருகுகிற பனிப்பாறையையும், அதன்மேல் நிற்கிற கரடியையும், ஏறிக்கொண்டே போகிற ஒரு சிவப்புக் கோட்டையும் காண்பித்தார்கள். நம்முடைய தாய்மார்கள் அந்தக் கரடிக்காகப் பரிதபித்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ஆனதும் குடங்களை நினைத்து எழுந்து போனார்கள்.

மீதியிருந்தவர்களில் ஒரு வாலிபன் என் காதருகே வந்து, “ஐயா, ஆத்தங்கரை ஆபத்துன்னு நாமளே பேசினா, நாளைக்கு அதையே காட்டி வீட்ட இடிச்சிருவாங்களே” என்றான். அவனுடைய பயம் வீணானதல்ல. வெள்ளத்துக்குப் பின் மித்தியை அகலப்படுத்தும் பணிக்காகக் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டதை அவன் சிறுவனாக இருந்து பார்த்தவன். கற்றவர்களுக்கு ‘வெள்ள அபாயம்’ என்பது ஓர் அறிவிப்பு. கரையில் குடியிருக்கிறவனுக்கு அது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். இதை உணராமல் எத்தனை படம் காட்டினாலும் ஜனங்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

வேறொரு தடையும் உண்டு. ஓடை ஓரத்துச் சந்தில் குடியிருக்கிற நம் சபைச் சகோதரர் ஒருவரிடம், கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்து வருகிற நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சபையின் மாடிக்கு வந்துவிடும்படி ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வந்தேன். அவர் தவறாமல் சொல்லும் பதில்: “நமக்கு இது சொந்த ஊரா ஐயா? பொழைக்க வந்த எடம். தண்ணி வரும், போகும்.” இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் குடியிருக்கிற இடம் இது. அவருடைய மூன்று பிள்ளைகளும் பிறந்தது இங்கேதான். ஆனாலும் அவருடைய இருதயம் ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரையில் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அப்படி! பாபிலோன் நதிகளண்டையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுதவர்களின் 137-ஆம் சங்கீதம் நமக்கு மனப்பாடம். அதே சிறையிருப்பின் ஜனங்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்னும் கருத்தில் எரேமியா எழுதிய நிருபத்தை, 29-ஆம் அதிகாரத்தை, நாம் திருமண வாழ்த்து அட்டையில் போடுகிற ஒரே வசனத்தோடு விட்டுவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகள் வந்தன. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல சுழற்சியினால் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர். தேரிக்காடு நிறைந்த அந்த வறண்ட பூமியில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி பெருக்கெடுத்தது, குளங்கள் உடைந்தன, ஏரல் தண்ணீரில் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோய், அந்தப் பகுதி ஜனங்கள் சமைத்துக் கொடுத்த உணவினால் அவர்கள் பசியாறினார்கள்.

தாராவியில் அந்த இரண்டு இரவும் ஒருவரும் தூங்கவில்லை. அந்தச் சகோதரரின் தாயார் ஊரில் தனியாக இருந்தார்கள். தொலைபேசி கிடைக்கவில்லை. சபையில் இராமுழுவதும் ஜெபம். குளங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுவதுபோல் அழுதார்கள். மாதக் கடைசியாயிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த காணிக்கையைப் போல் நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. நானும் சாத்தான்குளம் பக்கத்தவன், நானும் அழுதேன்.

அழுதுகொண்டிருந்தபோதே அந்த எண் என் நினைவுக்கு வந்தது. சாந்தாகுரூஸில் 94.4, காயல்பட்டினத்தில் சுமார் 95. இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே மழை. ஒன்றை நாம் ஒப்பாரியாகச் சுமக்கிறோம்; மற்றொன்றை, “அன்னைக்கு அந்தேரியிலிருந்து நடந்தே வந்தேன்” என்று கதையாகச் சொல்லுகிறோம்.

நெகேமியாவை வேதாகமக் கல்லூரியில் படித்தபோது மதிலைக் கட்டின வரிசையையும் வாசல்களின் பெயர்களையும் தேர்வுக்காக மனனம் செய்தேன். இரண்டாம் அதிகாரத்தில் அவன் ராஜாவிடம் எப்படிப் பேசினான் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. மதிலின் நீளத்தையோ செலவையோ முதலாவது அவன் சொல்லவில்லை. என் பிதாக்களின் கல்லறைகள் இருக்கும் நகரம் பாழாய்க் கிடக்கிறது என்கிற துக்கத்தையே சொன்னான். ராஜாவுக்கும் பிதாக்களின் கல்லறைகள் உண்டல்லவா?

2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தத் தாயாரை மகன் மும்பைக்கு அழைத்து வந்தார். வெள்ளத்தன்று வீட்டை விட்டு வர மறுத்து, கழுத்தளவு தண்ணீர் வருமட்டும் கட்டிலின்மேல் நின்றவர்கள் அவர்கள். பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு போயிராவிட்டால் இந்தக் கட்டுரையில் அவர்கள் வேறு விதமாக வந்திருப்பார்கள். ஊர்ப் பாசம் நம்மை எழுப்பவும் செய்யும், எழும்ப விடாமல் கட்டிப்போடவும் செய்யும்.

நான் சந்திக்கப் போன அன்று அவர்கள் வாசலில் அமர்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் மகனைப் பார்த்து, “ஏலே, இது எந்தக் கொளத்து மறுகால்?” என்று கேட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் உடனே பதில் வரவில்லை. விஹார், போவாய் என்னும் ஏரிகள் நிரம்பி வழிகிற நீரே மித்தியாகி, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழியில் சேருகிறது. 2005 முதல் எனக்குத் தெரிந்த செய்திதான் அது. ஆனால் அந்தச் சொல் என்னிடத்தில் இல்லை. மித்தி ஒரு மறுகால்! மறுகாலில் வீடு கட்டுகிறவனையும், அதை மறிக்கிறவனையும் குறித்து நம்முடைய ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

மே மாதத்துப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அதையே பேசினேன். கரும்பலகையில் குளம், மடை, மறுகால், கடைசியில் கடல் என்று வரைந்தேன். கடல் சூடாகும்போது காற்று அதிக நீரைச் சுமக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 7 சதவிகிதம் அதிகமான ஈரத்தைக் காற்று ஏந்தக்கூடும். ஆகவே மழை நாட்கள் கூடாவிட்டாலும் பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கிறது என்று விளக்கினேன். மேற்குக் கரை தொடங்கி மத்திய இந்தியா வரைக்கும் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் மூன்று மடங்காகியிருப்பதாக, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் முதலானோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு கூறுவதையும் சொன்னேன். 2005-ன் மழையோ 2023-ன் மழையோ முழுவதும் இதனால்தான் என்று ஒருவரும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது. அப்படி நான் சொல்லவுமில்லை. அன்றைக்கு ஒருவரும் குடத்தை நினைத்து எழுந்து போகவில்லை. ஒரு சகோதரி எழும்பி, “மறுகால் வாயில கடல் நிக்கும்போது மேல மழை பேஞ்சா தண்ணி எங்கய்யா போகும்?” என்று கேட்டார். படக்காட்சிப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் சொல்ல முயன்றது இந்த ஒரு கேள்விதான்.

அதன்பின் சபை அறிவிப்புப் பலகையில், பிறந்தநாள் பட்டியலுக்குப் பக்கத்தில், மழைக்காலத்துக் கடல் ஏற்ற நேரங்களின் பட்டியலும் ஒட்டப்பட்டது. வாலிபர்கள் சனிக்கிழமைதோறும் நான் உங்களை அழைத்து வந்த இந்த வழியாகவே நடந்து, ஓடையில் எங்கே அடைப்பு இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டை இடிப்பார்களோ என்று பயந்த வாலிபனும் அவர்களில் ஒருவன். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். “போகலை ஐயா” என்றான். எத்தனையோ ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் மறுசீரமைப்பைப் பற்றி அவனுக்குச் சொல்ல என்னிடத்திலும் உறுதியான வார்த்தை ஒன்றுமில்லை.

2024 ஜூலை 8 அதிகாலையில், ஆறு மணி நேரத்துக்குள் மும்பையின் சில பகுதிகளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இரவு இரண்டு மணியளவில் சபைக் கதவு தட்டப்பட்டது. அந்தச் சகோதரர் தம் மூன்று பிள்ளைகளோடும், அக்கம்பக்கத்து இரண்டு குடும்பங்களோடும் நின்றார். தாயார் மகனுக்கு முன்பாகவே மூட்டை கட்டி வைத்திருந்தார்களாம். அந்தச் சந்தில் தண்ணீர் முழங்கால் அளவு வந்து, காலையில் வடிந்தது. பெரிய அற்புதமென்று சாட்சி சொல்லத்தக்க காரியம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் உலர்ந்த பாயில் தூங்கினார்கள், அவ்வளவுதான்.

அதே சந்தில் நான்கு குடும்பங்கள் வரவில்லை. அவர்கள் ராமநாதபுரத்துக்காரர்கள். மறுகால் என்று நான் பேசியது அவர்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அங்கே குளத்தைக் கண்மாய் என்பார்கள், நீர் வழிகிற இடத்தைக் கலுங்கு என்பார்கள். இந்த வாரம் அவர்களைச் சந்திக்கப் போகிறேன். எந்தக் கண்மாய்க்காரர்கள் என்று முதலாவது விசாரிக்க வேண்டும். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.