முப்பது நாளும் ஒரு பெருவிரல் ரேகையும்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோரை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளியில் படித்த ஒருவன் (பெயர் வேண்டாம் என்றான்) இப்போது அமெரிக்கக் குடிமகன். அம்மாவுக்குக் கிரீன் கார்டு கேட்டிருந்தான். போன மாதம் நடுராத்திரியில் போன். "சார், மனுவை நிராகரிக்கப் போறதா நோட்டீஸ் வந்திருக்கு. அவங்கதான் என் அம்மாங்கிறதுக்கு ஆதாரம் போதாதாம்." அழுதுவிட்டான்.

முதலில் நோட்டீஸை முழுதும் வாசிக்கச் சொன்னேன். அது நிராகரிப்பு அல்ல, முன்னறிவிப்புதான். பதில் தர அதிகபட்சம் 30 நாள். தபாலில் வந்தால் இன்னும் 3 நாள். அதற்கு மேல் அவகாசம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். பாதி இப்போது, பாதி பிறகு என்பது அங்கே செல்லாது.

அவன் 1978-இல் வீட்டில் பிறந்தவன். பிறப்பைப் பதிந்ததோ 2009-இல், கோர்ட் ஆணை வாங்கி. இவ்வளவு தாமதமான சான்றிதழை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தயங்குவார்கள். அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது வேண்டும்.

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் 1983-ஆம் வருடச் சேர்க்கை விண்ணப்பக் கட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தூசி, கரையான். அந்த நாளில் அப்பா பெயரைத்தான் எழுதுவோம். இவனுக்கு அப்பா இல்லை. அதனால் பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மா பெயர், பக்கத்தில் அவரது இடது பெருவிரல் ரேகை! சான்றொப்பமிட்ட நகல் வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்போடு மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்தோம்.

உறுதிமொழிப் பத்திரமும் கேட்டான். "பிறந்ததிலிருந்தே தெரியும்னு போடுங்க சார்." மாட்டேன் என்றேன். நான் அந்த ஊருக்கு வந்ததே 1981-இல். அன்றிலிருந்து அந்த அம்மா இவனை வளர்த்ததைப் பார்த்தவன் என்று மட்டும் எழுதினேன். எப்படித் தெரியும் என்பதையும் விவரமாகச் சொல்ல வேண்டுமாம். அதில் பொய் நிற்குமா? பிரசவத்தின்போது கூட இருந்த அத்தை தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஞாபகம் அபாரம், அன்று பெய்த மழை வரை சொன்னார்.

இருபத்து நான்காம் நாள் அனுப்பிவிட்டான். இன்னும் பதில் இல்லை.

பழைய சேர்க்கை விண்ணப்பங்களில் இன்னும் நிறையக் கட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. நகல் தேவைப்படுவோர் படித்த வருடத்தை இன்பாக்ஸில் எழுதுங்கள். புதன்கிழமை மறுபடி பள்ளிக்குப் போகிறேன்.