வைபை முழுசா இரிக்கி, நெட் மட்டும் இல்ல

இந்தப் பேச்சுக் கேட்காத வீடு இப்போது நம் ஊர்களில் குறைவு. அதைச் சொல்கிற பிள்ளையை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். சூம் வகுப்பிலிருந்து இடையில் காணாமல் போகும் பிள்ளையை "சாட்டுச் சொல்லுது" என்கிறோம். வீட்டிலே "கேம் விளையாடி டேட்டாவ முடிச்சிருப்பா" என்கிறோம். பிறகு பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறோம், அல்லது தவணைக்குப் புதுப் போன் எடுக்கிறோம். கோளாறு எந்த இடத்தில் என்று மட்டும் பார்ப்பதில்லை.

எங்களோடு தங்கிப் படிக்கும் ராத்தாவின் மகள் இம்முறை சாதாரண தரம் எழுதப் போகிறாள். அவளுடைய போன்தான் வகுப்பு நேரத்தில் விட்டு விட்டு அறுந்தது. வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கணக்குப் பிழைத்தால் எந்த வரியில் பிழைத்தது என்று தேடுவது எங்கள் தொழில். வைபைக்கும் அதையே செய்தோம். ஒரு கொப்பியைக் கொடுத்து, எந்த நேரம், எந்த இடம், எத்தனை தடவை அறுந்தது என்று அவளையே எழுதச் சொன்னோம். முதல் நாள் ஒரு மணித்தியால வகுப்பில் ஒன்பது தடவை.

முதல் கேள்வி: வைபையா, இன்டர்நெட்டா?

இரண்டும் ஒன்றல்ல. போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள தொடர்பை மட்டுமே காட்டும். வெளியிலிருந்து ரவுட்டருக்கு வரும் லைன் அறுந்தாலும் கோடுகள் முழுசாகவே நிற்கும். ஆகவே நெட் போகும் அதே நேரத்தில் இன்னொரு போனையும் பாருங்கள். எல்லாப் போனிலும் இல்லையென்றால் கோளாறு ரவுட்டரில், அல்லது வெளி லைனில். ஃபைபர் இணைப்பானால் பெட்டியிலுள்ள எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் லைன் வழியே வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. கம்பனிக்கு அறிவிக்க வேண்டியதுதான். சிம் போடும் ரவுட்டரானால் டவர் பக்கத்து யன்னலோரம் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி: போனா, இடமா?

அவளை அதே போனோடு ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்து படிக்கச் சொன்னோம். ஒரு தடவையும் அறவில்லை. ஹோலில் நன்றாக ஓடிய எங்கள் போனைக் கொண்டுபோய் அவளுடைய மேசையில் வைத்தோம். அதுவும் தடுமாறியது. அப்படியானால் போனில் குறையில்லை, இடத்தில்தான் குறை. புதுப் போன் வாங்கும் பேச்சு அன்றோடு முடிந்தது.

ரவுட்டர் டிவிக்குப் பின்னால் நிலத்தில் கிடந்தது. அவளுடைய அறை வீட்டின் பின்பக்கம். இடையில் இரண்டு சுவர், ஓர் இரும்பு அலுமாரி. கொங்கிரீட், இரும்பு, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைபை அலையைத் தடுப்பவை. அதிலும் பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகும். 2.4 வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், அலை பலவீனமான அறையில் போன் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். தாவும்போது வகுப்பு அறுந்துவிடக்கூடும்.

2.4 இல் இன்னொரு சிக்கலும் உண்டு. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. போனில் வைபைப் பட்டியலைத் திறந்தால் அயல் வீட்டுப் பெயர்கள் வரிசையாக வரும். 2.4 இல் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று சனல்கள்தான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கிறது. புளூடூத்தும் குசினி மைக்ரோவேவும் அதே அலைவரிசைக்காரர்கள். எந்தச் சனலில் நெருக்கம் என்று காட்டும் இலவச எப்புகள் அன்ட்ரொய்ட் போனுக்கு இருக்கின்றன. சனலை மாற்றுவதற்கான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 போல ஓர் இலக்கம்.

நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதலில் ரவுட்டரை, வயர் எட்டிய அளவில், உயரமான தட்டுக்கு ஏற்றினோம். கொப்பியில் ஒன்பது நாலானது. அடுத்த நாள் இரண்டு அலைவரிசைக்கும் வேறு வேறு பெயர் வைத்து, அவளுடைய போனை 2.4 இல் மட்டும் விட்டோம். நாலு இரண்டானது. மூன்றாம் நாள் சனலை 6 இலிருந்து 11 க்கு மாற்றினோம். அன்று ஒரு தடவையும் அறவில்லை. ஒரு சதமும் செலவில்லை.

ரவுட்டருக்குப் பக்கத்திலும் ஒரு போன் மட்டும் அறுந்தால் போனைப் பாருங்கள். பெற்றரி சேவரை நிறுத்துங்கள். வைபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி சில போன்களில் உண்டு. அதையும் நிறுத்திப் பாருங்கள். செட்டிங்ஸில் அந்த வைபைப் பெயரை அழித்து, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுங்கள். கடைசியாக நெட்வேர்க் ரீசெட். அதனால் படங்கள் அழியாது. சேமித்த வைபைப் பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போகும்.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டரின் சின்னத் துளைக்குள் ஊசியால் குத்தாதீர்கள். அது அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டு மாட்டினால் போதும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் ஒன்லைனுக்குப் போன பிறகு, மரத்திலும் மலையிலும் ஏறிச் சிக்னல் தேடிய பிள்ளைகளின் படங்களை எல்லோரும் பார்த்தோம், கவலைப்பட்டோம். பின்னறையில் இருந்து அறுந்து அறுந்து படிக்கிற பிள்ளையை யாரும் படம் எடுப்பதில்லை. அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏச்சு மட்டும்தான். ராத்தாவின் மகள் தன் கொப்பியை வகுப்பாசிரியருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். தவறிப்போன இரண்டு பாடங்களின் ரெக்கோர்டிங்கை அவர் அன்றிரவே அனுப்பி வைத்தார்.

உங்கள் பிள்ளையும் "நெட் இல்ல" என்றால், மூன்று நாளைக்கு ஒரு கொப்பியைக் கொடுங்கள். பெக்கேஜைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.